கத்துவதற்கு விட்ட இடம்

உதவி இயக்குநர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள் என்று கேட்டார்கள். புத்தி என்னிடம் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் படங்களில் போட்டுவிட்டேன். அவற்றில் பாதி ஓடவில்லை. நன்றிதான் மிச்சம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். உங்களுக்குப் பயன்பட்டால் சந்தோஷம், படாவிட்டாலும் எனக்கு மனப்பாரம் குறையும்.

நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொன்னால் உங்கள் மதியச் சாப்பாடு ஆறிவிடும். ஆகவே ஒன்றே ஒன்று. படச்சுருள் கணக்கில் அது அறுபது அடித் தப்பு. திரையில் முக்கால் நிமிஷம்கூட வராது.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நேரம். எங்கள் சினிமா கம்பெனியும் ஓடியது. ஆளுக்கொரு திசையில் போயிருக்க வேண்டியவர்களை எங்கள் டைரக்டர்தான் ஒன்றாகச் சேர்த்து, ரயிலேற்றி, திருத்தணியில் ஒரு சத்திரத்தில் கொண்டுவந்து இறக்கினார். ஒரு காமிரா, ஒரு சவுண்டு வண்டி, ஓர் ஆர்மோனியம், பதினைந்து ஆட்கள். எனக்கு இருபத்தாறு வயது. மூன்று படங்களில் வேலை செய்திருந்தேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

டைரக்டரின் பெயரைச் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோதே தம் பெயரைத் திரையில் சின்ன எழுத்தில் போடச் சொன்னவர் அவர். அதற்கு முன் அவர் எடுத்த இரண்டு புராணப் படங்களும் படுத்துவிட்டன. மூன்றாவதும் படுத்தால் கம்பெனி கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று சமையல்காரர் வரைக்கும் தெரியும். ஆனாலும் மனிதர் ஒருநாளும் முகத்தைத் தொங்கப் போட்டதில்லை.

உடுப்புக்குத் துணி எடுக்க அம்மையார்குப்பம் போன இடத்தில்தான் அவருக்குக் கதை கிடைத்தது. ஒரு வீட்டுக்குள் தறிச் சத்தமும் பாட்டும் சேர்ந்து கேட்டிருக்கிறது. உள்ளே போய் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாடியவர் பெயர் முனிரத்தினம். நாற்பத்தைந்து வயது, நெசவாளி. வருஷத்தில் பத்து நாள் நாடகக்காரர். அவர் பாடியது செங்கமலம் நாடகம். அந்தப் பக்கத்து நெசவுத் தெருக்கள் மட்டும் ஆடும் நாடகம் அது. அதில் வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. பேச்சு, சண்டை, சிரிப்பு, சாவு எல்லாமே பாட்டுதான். ஏட்டிலும் இல்லை, அச்சிலும் இல்லை, முனிரத்தினத்தின் தொண்டையில்தான் இருந்தது.

கதை சின்னது. செங்கமலம் என்ற பெண்ணின் புருஷன் துணி மூட்டையோடு மலைக்கு அந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போகிறான். அப்போது அவளுடைய தம்பி தூளியில் கிடக்கும் குழந்தை. புருஷன் எங்கெங்கோ சிக்கி, பதினெட்டு வருஷம் கழித்துத் திரும்புகிறான். நல்ல வெயில் நேரம். வாசலில் நின்று பார்த்தால், பெண்டாட்டி ஒரு மீசைக்காரப் பையனுக்குச் சோறு போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கணவன் ஒன்றும் கேட்பதில்லை. அரிவாளை எடுத்துவிடுகிறான். அவள் விழுந்த பிறகுதான் அந்தப் பையன், அக்கா புருஷனை முறை சொல்லி, "பாவா, எங்க அக்காவை ஏன் பாவா..." என்று பாடுகிறான். அவ்வளவுதான். அந்த ஒரு "பாவா"வுக்காக ஒரு முழு நாடகம்.

அதைச் சினிமாவாக்க வேண்டும். எழுதி எடுப்பது, சுருக்குவது இரண்டும் என் பொறுப்பு. யுத்த காலம், படச்சுருளுக்குப் பங்கீடு. பதினோராயிரம் அடிக்கு மேல் படம் இருக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. இவர்கள் நாடகமோ இருட்டியதும் தொடங்கி வெள்ளி முளைக்கும்வரை ஓடுவது. யானையைத் தகர டப்பாவில் அடைக்கிற வேலை.

முதலில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அந்தப் பையன் தம்பி என்பதை நாமும் மறைத்துவிட்டால் என்ன? தாலாட்டுப் பாட்டை எடுத்துவிடலாம், ஆயிரம் அடி மிச்சம். கடைசியில் ஜனங்கள் திடுக்கிடுவார்கள். பெருமையோடு டைரக்டரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"திடுக்கிடறது ஒரு நிமிஷம்டா. தெரிஞ்சிக்கிட்டே உக்காந்திருக்கிறதுதான் பாடு. தாலாட்டு இருக்கட்டும்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் நன்றாக மென்று விழுங்கியிருந்தால் மற்றது நடந்திருக்காது.

முனிரத்தினத்துக்குச் சும்மா உட்கார்ந்தால் பாட்டு வராது. தறிக்குழியில் காலை விட்டு, கை ஓடத் தொடங்கினால்தான் வரும். அதனால் நான் தறிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு எழுதினேன். நூல் பொதிந்த நாடா இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் ஓடும், அடி அடியாகப் பாட்டு வரும். அவர் மனைவி கங்கம்மா எதிரில் உட்கார்ந்து ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே, புருஷன் ஓர் அடியை விட்டால் எடுத்துக் கொடுப்பார். குரல் கணீரென்று இருக்கும். அந்தத் தெருவில் யார் வீட்டுச் சண்டையையும் ஓர் அதட்டலில் நிறுத்தக்கூடிய குரல்.

கொலைக் கட்டம் வந்தது. அரிவாளை ஓங்குகிற அடி முடிந்ததும் பாட்டு நின்றுவிட்டது. நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வெட்டுகிற அடி தொடங்கியது.

"என்ன அண்ணா, நடுவிலே மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"மறக்குமா தம்பி? அங்க மத்தளம் மட்டும் ஓடும். அது நம்ம எடம் இல்ல. ஜனங்க எடம்."

நான் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ஜனங்கள் வெற்றிலை மடிக்க, மடியில் தூங்கும் பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொள்ள விட்ட இடம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நாடகத்தை நான் நேரில் பார்த்ததும் இல்லை. விளக்கு வைக்கக் கூடாது என்ற யுத்தக் கட்டுப்பாட்டால் அந்த வருஷம் நாடகமே போடவில்லை. பார்க்காதவன் கேட்டிருக்க வேண்டும். "ஜனங்கள் அங்கே என்ன செய்வார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி. கேட்கவில்லை.

எழுதி முடித்த அன்று முனிரத்தினம் என்னைத் திருத்தணி மலைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். படியேறியதும் கற்பூரம் ஏற்றினார்.

"எங்க தெருவுல ஏகப்பட்ட பேரு வேணாம்னாங்க தம்பி. சினிமாக்காரன் வெட்டிக் குதறிடுவான்னாங்க. நான் ஒங்க மொகத்தப் பாத்துத்தான் குடுத்துகினு கீறேன். சாவு கட்டத்துல கைய வெக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"ஒரு வரிகூடக் குறையாது அண்ணா" என்று சொல்லி, கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தேன். அந்த ஊரில் அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. எனக்கோ கை லேசாகச் சுட்டது, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துக் கணக்குப் போட்டால் நீளம் அதிகமாக இருந்தது. எங்கெங்கோ சுரண்டியும் இன்னும் அறுபது அடி குறைக்க வேண்டியிருந்தது. அப்போது அந்த மத்தளம் மட்டும் ஓடுகிற இடம் கண்ணில் பட்டது. பாட்டு இல்லை, வரி இல்லை. வரி குறையாது என்றுதானே சத்தியம் செய்தேன்? வரி குறையவில்லையே. ஓங்குகிற அடியையும் வெட்டுகிற அடியையும் ஒட்டிவிட்டேன். டைரக்டரிடமும் சொல்லவில்லை, முனிரத்தினத்திடமும் சொல்லவில்லை. சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்து அன்று கூடுதலாக ஒரு கிண்ணம் பாயசம் குடித்தேன்.

கணவன் வேஷம் முனிரத்தினத்துக்கே. செங்கமலமாகப் பட்டணத்து நாடக நடிகை ஒருவர் வந்தார். ஒத்திகையில் ஒரு தடங்கலும் இல்லை. முனிரத்தினம் ஓங்கினார், நிற்காமல் பாடினார், வெட்டினார். என் திருட்டு வெளிப்படவில்லை. சத்திரத்தில் ஒத்திகை பார்க்கும்போது மத்தளமும் இல்லை, ஜனமும் இல்லை, அதனால்தான் தறியில் நிறுத்தியவர் அங்கே நிறுத்தவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கொலைக் கட்டத்தை அம்மையார்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலிலேயே எடுக்க ஏற்பாடு. அதற்கென்று ஒதுக்கிய படச்சுருள் இரண்டே சுருள். ஒன்று எடுப்பதற்கு, ஒன்று தவறினால் கைகொடுப்பதற்கு. இரண்டும் போனால் கட்டமே இல்லை, கட்டம் இல்லையென்றால் படமே இல்லை. அடுத்த பங்கீடு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. தறியெல்லாம் நின்றுவிட்டது. படம் பிடிக்கும்போதே பாட்டையும் சவுண்டு வண்டி பிடிப்பதால், ஒரு இருமல் சத்தம்கூட வரக் கூடாது. கங்கம்மாவைக் கெஞ்சினேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் நடந்து ஒரு பிரசங்கமே செய்தார்.

"சினிமான்னா வாயத் தொறக்கக் கூடாது, தெரிஞ்சிகினீங்களா? எவளாவது மூச்சு வுட்டா அவ வூட்டுத் தறிய அறுத்துப் போட்டுடுவேன், ஆமா!"

அப்படி ஒரு அமைதியை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை. காமிரா ஓடியது. முனிரத்தினம் வாசலுக்கு வந்தார், உள்ளே பார்த்தார், பாடினார். அரிவாளை ஓங்கினார். ஆர்மோனியக்காரர் அடுத்த அடியை எடுத்தார். முனிரத்தினம் பாடவில்லை, வெட்டவும் இல்லை. ஓங்கிய கையோடு நின்றார். ஆர்மோனியம் தடுமாறி நின்றது. மத்தளக்காரர், அவரும் அந்தத் தெருக்காரர்தான், வாசித்துக்கொண்டே இருந்தார். முனிரத்தினத்தின் கண் மட்டும் மெல்ல ஓரத்துக்கு, ஜனங்கள் நின்ற பக்கத்துக்குப் போய்வந்தது. எதற்கோ காத்திருப்பவர் மாதிரி. ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கங்கம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் "கட்" சொல்வார் சொல்வார் என்று நான் பார்த்தால், அவர் முனிரத்தினத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். கடைசியில் காமிராவுக்குள் படச்சுருள் தீர்ந்து, வால் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு சுருள் போய்விட்டது.

முனிரத்தினம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குந்தினார். உடம்பெல்லாம் வியர்வை. நான் ஓடிப்போய், "என்ன அண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? ஏன் வெட்டலை?" என்று கத்தினேன். கத்துகிற யோக்கியதை எனக்கு இருந்ததா பாருங்கள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க வேணாம்னு சொல்லாம எப்டி தம்பி வெட்றது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டைரக்டர் வந்து அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நாடகத்திலே யாரு வேணாம்னு சொல்லுவாங்க?" என்று கேட்டார். நான் மாதக்கணக்கில் கேட்காத கேள்வி.

"தெருவே சொல்லுங்க. கைய ஓங்குனதும் நான் நிறுத்திகினு நிப்பேன். பொம்பளைங்கல்லாம் எந்திரிச்சிருவாங்க. 'டேய், அவன் ஒன் மச்சாண்டா, வேணாண்டா'ன்னு கத்துவாங்க. ஒருத்தி ரெண்டு பேரு மேடைக்கே ஓடியாந்துருவாங்க, இடுப்பப் புடிச்சி நிறுத்தணும். நான் திரும்ப மாட்டேன். காதுல ஏறாத மாதிரி நிக்கணும். எங்க நைனா இந்த வேஷம் கட்டச்சே காதுல பஞ்சு வெச்சிகினு நிப்பாரு. எனக்குப் பஞ்சு வேணாங்க, பழகிப்போச்சி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அத்தினி பேரு சொல்லியும் கேக்காம வெட்றான் பாருங்க, அதாங்க நாடகம். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம வெட்டுனா அது கசாப்புங்க."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "ஸ்கிரிப்டுல அந்த இடம் எங்கேடா?"

பொய் சொல்ல நாக்கு எழுந்தது, மறைக்க மாட்டேன். அவரே பாடும்போது விட்டுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். எழுதியவன் நான்தான், யார் மறுக்கப் போகிறார்கள்? முனிரத்தினம் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் எடுத்தேன் சார். வெறும் இடம்னு நெனைச்சேன்."

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த வெட்கத்தை இப்போது சொன்னாலும் முகம் சுடுகிறது. திட்டுவார், ரயிலேற்றிவிடுவார் என்று காத்திருந்தேன். டைரக்டர் என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

"எத்தனை அடி?"

"அறுபது சார்."

"வெயில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அரை மணி சார்."

"அப்ப எழுந்திரு. அழறதுக்கு அப்புறம் நேரம் தர்றேன்."

தம்பிகளே, ஆபத்து நேரத்தில் குற்றவாளியைத் தேடாமல் கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர் உங்களுக்கு வாய்த்தால், அவர் காலடியில் கிடந்துவிடுங்கள். எனக்கு வாய்த்தார். அந்த நன்றி இன்னும் தீரவில்லை.

பாவத்தைக் கழுவுகிற அவசரத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். "ஜனங்களைக் கத்தச் சொல்லுவோம் சார். சவுண்டு வண்டியிலே பிடிச்சிடுவோம். தத்ரூபமா இருக்கும்."

அவர் யோசித்தார். ஒரு சுருள்தான் கையில், வெயில் சரிந்துகொண்டிருக்கிறது, மனிதர் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறார்.

"வேண்டாம். படத்துக்குள்ளேயே நாலு பேரு கத்திட்டா, கொட்டகையிலே உக்காந்திருக்கிறவன் நமக்கென்னன்னு உக்காந்திருப்பான். அந்த இடம் ஜனங்க இடம்னு இவர் சொல்றார். நாம அடைக்கக் கூடாது." முனிரத்தினத்தைப் பார்த்தார். "ஆனா உங்களுக்குக் கேக்கணும், இல்லையா?"

"ஆங். கேட்டாத்தாங்க கேக்காத மாதிரி நிக்க முடியும்."

"சரி. ஓங்குற வரைக்கும் சவுண்டு ஓடட்டும். அப்புறம் சவுண்டை நிறுத்திடு, காமிரா மட்டும் ஓடட்டும். தெரு கத்தட்டும். மத்தளத்தைச் சத்திரத்துல தனியா வாசிச்சுச் சேர்த்துக்கலாம்."

இதற்குள் இன்னொரு சங்கடம். தெருவை இப்போது கத்தச் சொல்ல வேண்டும். தறி அறுபடும் என்று கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காமிரா ஓடியது. முனிரத்தினம் ஓங்கினார். சவுண்டு நின்றது என்று வண்டிக்காரர் கையைக் காட்டினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது.

கங்கம்மா வாயிலிருந்த முந்தானையைப் பிடுங்கி எறிந்தார்.

"அட பாவி! ஒன் மச்சாண்டா அவன்! தூளியில கெடந்தானே, அந்தப் புள்ளடா!"

அப்புறம் தெருவே எழுந்தது. நானும் கத்தினேன். உதவி டைரக்டர் என்பதையும், கையில் ஸ்கிரிப்டு இருப்பதையும் மறந்து, தொண்டை கிழியக் கத்தினேன். முனிரத்தினம் திரும்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் தனியாக நின்றார். பிறகு டைரக்டர் கையைத் தட்ட, தெரு அடங்கியது. சவுண்டு மறுபடி ஓடியது. வெட்டுகிற அடியைப் பாடி வெட்டினார். சுருளில் நாலைந்து அடிதான் மிச்சம். அறுபது அடியை ஈடுகட்ட, நான் ஆசைஆசையாக எழுதிச் சேர்த்திருந்த ஒரு நகைச்சுவைக் கட்டத்தை நானே தூக்கி எறிந்தேன். அதற்காக இன்றுவரை யாரும் அழுததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. படத்தைச் சேர்த்து முடித்ததும் விநியோகஸ்தர் வந்தார். அவர் எடுத்துக்கொண்டால்தான் படம் கொட்டகைக்குப் போகும். பார்த்தார். எல்லாம் சரி, இரண்டு விஷயம் மட்டும் என்றார். அந்த ஆள் அரிவாளை ஓங்கிக்கொண்டு எதற்கு அவ்வளவு நேரம் மரம் மாதிரி நிற்கிறான், அதை வெட்டுங்கள். பிறகு, அந்தப் பெண் சாகக் கூடாது.

"மலைமேல முருகனே இருக்காரு சார். ஒரு மயில், ஒரு ஜோதி, அந்தப் பொண்ணு எழுந்து உக்காந்தா ஜனங்க கன்னத்துல போட்டுக்கும்."

"முருகன் மலைமேலேயே இருக்கட்டும்" என்றார் டைரக்டர். பிறகு, "ஒரு தடவை ஜனங்களோட உக்காந்து பாருங்க. அந்த இடத்திலே அவங்க சும்மா இருந்தா, நீங்க சொல்ற ரெண்டையும் செய்யறேன்" என்றார்.

நான் தூண் பக்கத்தில் நின்றிருந்தேன். நாடகத்தில் கத்துவார்கள், சரி. மேடையில் இருப்பவன் அவர்களுடைய முனிரத்தினம். ரத்தமும் சதையுமாக நிற்கிறான். ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்து யாராவது கத்துவார்களா? கத்தாவிட்டால் என் சத்தியம் இரண்டாம் முறையும் போகும், இந்தத் தடவை எல்லோர் கண்ணெதிரிலும். முனிரத்தினம் தன் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. டைரக்டர் தமக்குப் பிடிக்காத படத்தைத் தம் பெயரில் வெளியிடுவார், எவ்வளவு சின்ன எழுத்தில் போட்டாலும்.

திருத்தணியில் ஒரு நூல் கிடங்கைக் கேட்டு வாங்கினோம். யுத்த விளக்குக் கட்டுப்பாட்டுக்காக வீட்டுக்கு வீடு கொடுத்திருந்த கறுப்புத் துணியை ஜன்னல்களில் கட்டினோம். பட்டப்பகலில் கிடங்கு இருண்டது. அம்மையார்குப்பத்திலிருந்து ஏழெட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்தும் சொந்தக்காரர்கள். பேசும் படத்தை முதல்முறையாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம். முனிரத்தினத்தை முன்வரிசையில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு பின்சுவரில் சாய்ந்து நின்றார். விநியோகஸ்தருக்கு நடுவில் நாற்காலி. நான் அவர் பக்கத்தில்.

படம் ஓடியது. ஜனங்கள் அசையவில்லை. தாலாட்டுக்கு மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது, சந்தோஷப்பட்டேன். ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சினிமா என்றால் வாயைத் திறக்கக் கூடாது. கங்கம்மாவைக் கொண்டு தெருவுக்கே சொல்லவைத்தவன் நான்தான். அவர்கள் அதை மறக்கவில்லை. மரியாதைக்காரர்கள்.

கணவன் வாசலுக்கு வந்தான். பார்த்தான். ஓங்கினான். மத்தளம் தனியாக ஓடியது.

ஒருவரும் பேசவில்லை. முன்வரிசையில் கங்கம்மாவின் முதுகு விறைத்திருந்தது. முந்தானை மறுபடி வாயில் இருந்தது. படம் காட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நானாவது கத்தலாமா என்று பார்த்தேன். என் கத்தலுக்கு என்ன மதிப்பு, சம்பளம் வாங்குகிறவன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். விநியோகஸ்தர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"டேய், முனிரத்தினம்!"

பின்னாலிருந்து வந்தது. எனக்கு யார் குரல் என்று சட்டென்று பிடிபடவில்லை. அந்தக் குரல் பாடித்தான் கேட்டிருக்கிறேன், அலறிக் கேட்டதில்லை.

"டேய் முனிரத்தினம்! வேணாண்டா! அவன் ஒன் மச்சாண்டா! டேய், திரும்பிப் பாருடா!"

ஜனங்களைத் தாண்டிக்கொண்டு, யார் மடியையோ மிதித்துக்கொண்டு, வெள்ளைத் துணியை நோக்கி ஓடினார். தலைத்துண்டு அவிழ்ந்து விழுந்தது. திரையில் ஓங்கிய கையோடு அவரே நின்றிருந்தார், திரும்பவில்லை. கங்கம்மா எழுந்து புருஷனின் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். பிடித்துக்கொண்டே அவரும் கத்தினார். அடுத்த நொடி கிடங்கே எழுந்து நின்றது. கறுப்புத் துணி ஒன்று அறுந்து விழுந்து வெயில் உள்ளே பாய்ந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. விநியோகஸ்தரும் எழுந்துவிட்டார். "ஐயோ, அவன்கிட்ட யாராவது சொல்லுங்களேன்" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். அரிவாள் இறங்கியது. தம்பிக்காரன் "பாவா" என்றான். கிடங்கு அப்படியே அடங்கியது.

படம் அப்படியே வெளிவந்தது. மயில் வரவில்லை. பிற்பாடு எத்தனையோ ஊர்க் கொட்டகைகளில் பின்வரிசையில் நின்று அந்த அறுபது அடிக்காகக் காத்திருந்திருக்கிறேன். சில ஊரில் கத்தினார்கள், சில ஊரில் அழுதார்கள், ஓர் ஊரில் யாரோ செருப்பை எறிந்து திரையைக் கிழித்தார்கள். ஒரு படத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இதில் வெறும் இடம் என்று எனக்குத் தோன்றுவது யாருடைய இடம் என்று கேட்டுக்கொள்ள அதற்குப் பிறகு தவறியதில்லை. அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்த டைரக்டருக்கும், கங்கம்மாவுக்கும், அந்தத் தெருவுக்கும் நான் கடன்பட்டவன். முனிரத்தினத்துக்கு எவ்வளவு கடன்பட்டவன் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. சத்தியத்தை உடைத்தவனை அவர் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

அன்று படம் முடிந்ததும் அவரைத் தேடிக்கொண்டு வெளியே போனேன். கிடங்கின் பக்கவாட்டில், நூல் மூட்டை இறக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தார். காலில் விழலாம் என்று குனிந்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை.

"இருவது வருசமா கத்திகினு கீறாங்க தம்பி" என்றார். "நான் ஒருநாள்கூடக் கேக்கலயே."

கங்கம்மா அவருடைய தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"கேட்டிருந்தா நாடகம் ஏது?" என்று அதைப் புருஷன் தோளில் போட்டார். "எந்திரி. வண்டி பூட்டியாச்சி."